19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாநில எம்.எல்.ஏ., மிலிஷியா அதிகாரி ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? ராபர்ட் ஸ்மால்ஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வகை ஆட்களைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். பெயருக்கு முன்னால் "ஜெனரல்" என்று இருக்கும். உடனே அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865, வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடந்தது) படை நடத்தியவர் என்று எழுதிவிடுவார்கள். "செனட்டர்" என்று இருந்தால், மாநில மேலவையிலும் செனட்டர்கள் உண்டு என்பதை மறந்து, வாஷிங்டனில் உள்ள மத்திய செனட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை இதையேதான் செய்தேன். எழுதி முடித்த பிறகு பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே இங்கே சொல்வது முக்கியமாக வேலையின் வரிசையைப் பற்றி. பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருப்பவர் தென் கரோலினாவின் ராபர்ட் ஸ்மால்ஸ் (1839–1915). அடிமையாகப் பிறந்தவர். கப்பலோட்டி, மாநில எம்.எல்.ஏ., மிலிஷியா (மாநிலத்தின் பகுதிநேரக் குடிமக்கள் படை) ஜெனரல், அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) உறுப்பினர் என்று பல வேடம் போட்டவர். இந்த வகை வாழ்க்கையில் வரக்கூடிய எல்லாப் பொறிகளும் இவர் ஒருவரிடமே இருக்கின்றன. இவரை ஒழுங்காக எழுதிப் பழகினால் மற்றவர்கள் சுலபம்.

0. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு வகை ஆவணங்களைத் தனித்தனிக் கோப்பில் போட்டுவையுங்கள்.

முதலாவது, பதவிப் பட்டியல். ஆள் பின்னாளில் காங்கிரஸுக்குப் போயிருந்தால், அமெரிக்கக் காங்கிரஸே வெளியிடும் உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்பகராதியில் ஒரு பத்தி இருக்கும். மாநிலப் பதவியும் மிலிஷியாப் பதவியும் ஆண்டோடு அதில் வரும். எலும்புக்கூட்டுக்கு அதுவே போதும்.

இரண்டாவது, மாநிலச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள். கீழவைக்கும் மேலவைக்கும் தனித்தனியாக அச்சிடப்பட்டவை. பல தொகுதிகள் இணைய நூலகங்களில் ஸ்கேன் செய்த படிகளாகக் கிடைக்கின்றன.

மூன்றாவது, அக்காலச் செய்தித்தாள்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் "குரோனிக்கிளிங் அமெரிக்கா" தொகுப்பு இலவசம். தேடும்போது பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். 1862 செய்திகள் பலவற்றில் இவர் பெயர் கடைசி "ஸ்" இல்லாமல், ராபர்ட் ஸ்மால் என்றே அச்சாகியிருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டலில் தேடியவருக்கு மிக முக்கியமான ஆண்டே கிடைக்காமல் போகும்.

நான்காவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும். இவற்றை எதற்கு, எப்போது திறப்பது என்று கீழே சொல்கிறேன்.

1. பட்டங்களை முதலில் பிரியுங்கள்

எந்தப் பட்டத்தைக் கண்டாலும் ஒரே கேள்வி: இதை இவருக்குக் கொடுத்தது யார்? ஒரு தாளில் பட்டம், கொடுத்த அதிகாரம், ஆண்டு என்று மூன்று நெடுவரிசை போடுங்கள். இது முடியாமல் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம். பட்டம் தவறினால் அதன் மேல் கட்டும் கதை முழுவதும் தவறும்.

ஸ்மால்ஸ் விஷயத்தில் இந்தத் தாள் இப்படி வரும்.

"வீல்மன்": சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், பிளான்டர் என்ற நீராவிக் கப்பலில் அவர் செய்தது பைலட்டின் வேலை, அதாவது நீர்வழி தெரிந்து கப்பலை வழிநடத்துவது. அடிமைக்குப் பைலட் என்ற பெயரைத் தர வெள்ளையர் விரும்பாததால் சுக்கான் பிடிப்பவர் என்று மட்டும் அழைத்தார்கள்.

"கேப்டன்": போர்க்காலத்தில் அதே பிளான்டர் வடக்குத் தரப்பின் கைக்குப் போன பிறகு (அந்தக் கதை 6ஆம் படியில்) அதை அவர்களுக்காக ஓட்டியபோது வந்த பெயர். இது கப்பல் கேப்டன் பதவி, அரசுக்கு வேலை செய்த சிவிலியன் என்ற நிலையில் கிடைத்தது. தரைப்படைக் கேப்டனும் இல்லை, கடற்படைக் கேப்டனும் இல்லை. பின்னாளில் ஓய்வூதியம் கேட்டபோது அவர் முறைப்படி படையில் சேர்க்கப்படவே இல்லை என்பதுதான் முட்டுக்கட்டையாக நின்றது. 1897இல் தனிச் சட்டம் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

"ஜெனரல்": தென் கரோலினா மாநில மிலிஷியா கொடுத்தது. 1870இல் மூன்றாம் ரெஜிமெண்டின் லெப்டினன்ட் கர்னல். 1871இல் இரண்டாம் பிரிகேடின் பிரிகேடியர் ஜெனரல். 1873இல் இரண்டாம் டிவிஷனின் மேஜர் ஜெனரல். போர் 1865இலேயே முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இன்று நிலைமை இன்னும் குழப்பம். 2007இல் அமெரிக்கத் தரைப்படை தன் சரக்குக் கப்பல் ஒன்றை "மேஜர் ஜெனரல் ராபர்ட் ஸ்மால்ஸ்" என்ற பெயரிலேயே சேவையில் சேர்த்தது. 2023இல் கடற்படையும் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. கப்பலின் பெயரைப் பார்த்து அவரைத் தரைப்படைத் தளபதி ஆக்கிவிடுபவர்கள் உண்டு. ஆக்காதீர்கள்.

2. பதவிக் காலக்கோட்டை வரையுங்கள்

அடுத்து, எல்லாப் பதவிகளையும் ஆண்டு வாரியாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வாழ்க்கைச் சம்பவங்கள் இப்போது வேண்டாம், பதவிகள் மட்டும்.

1868 தொடக்கம்: மாநில அரசியலமைப்பு மாநாட்டுப் பிரதிநிதி
1868–1870: மாநிலக் கீழவை
1870–1874: மாநில மேலவை
1870–1877: மிலிஷியா
1875 மார்ச்–1879 மார்ச்: அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் அவை
1882 ஜூலை–1883 மார்ச்: மீண்டும் அதே அவை
1884 மார்ச்–1887 மார்ச்: மூன்றாம் முறை
1889–1913: பியூஃபர்ட் துறைமுகச் சுங்க அதிகாரி, நடுவில் ஓர் இடைவெளியுடன்
1895: மறுபடியும் ஓர் அரசியலமைப்பு மாநாடு

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, மேலவை உறுப்பினராக இருந்துகொண்டே அவர் பிரிகேடியர் ஜெனரல். காங்கிரஸில் இருந்தபோதும் மேஜர் ஜெனரல். "ராணுவத்தை விட்டு அரசியலுக்கு வந்தார்" என்ற வாக்கியத்துக்கு இங்கே இடமே கிடையாது. மிலிஷியா பகுதிநேர வேலை. அரசியல்வாதிதான் தளபதியாகவும் இருப்பார்.

இரண்டாவது, 1882 ஜூலை என்ற வினோதமான மாதம். அமெரிக்கத் தேர்தல் நவம்பரில் நடக்கும், பதவிக்காலம் அந்நாளில் மார்ச்சில் தொடங்கும். நடுவில் ஜூலை வந்தால் ஏதோ தகராறு என்று அர்த்தம். 1880 தேர்தலில் ஜார்ஜ் டில்மனிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டதை ஸ்மால்ஸ் எதிர்த்து வழக்காட, அவை அவருக்கே இடம் கொடுத்தது. 1884 மார்ச்சும் வழக்கமான தொடக்கம் அல்ல, பதவிக்காலம் ஒற்றைப்படை ஆண்டில்தான் தொடங்கும்; அது இடைத்தேர்தல். இருந்த உறுப்பினர் எட்மண்ட் மேக்கி இறந்துபோனார். காலக்கோட்டில் பொருந்தாத மாதமோ ஆண்டோ கண்ணில் பட்டால் கதை அங்கேதான் இருக்கிறது.

இடைவெளிகளுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். 1870இல் ஏன் கீழவையிலிருந்து மேலவைக்குத் தாவினார்? பியூஃபர்ட்டின் மேலவை உறுப்பினர் ஜோனதன் ரைட் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் போனார், இடம் காலியாயிற்று.

3. பிறப்பும் குடும்பமும்: கணக்கெடுப்பை எப்படி வாசிப்பது

ஸ்மால்ஸ் பிறந்தது 1839 ஏப்ரல் 5, பியூஃபர்ட் ஊரில், பிரின்ஸ் தெருவில் இருந்த, எஜமானர் மெக்கீ குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில். தாய் லிடியா பொலைட்.

இங்கே புதியவர்கள் செய்யும் வேலை, 1850 கணக்கெடுப்பைத் திறந்து பெயரைத் தேடுவது. கிடைக்காது. 1850லும் 1860லும் அடிமைகளுக்குத் தனி அட்டவணை இருந்தது. அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. அந்தத் தாளில் "11 வயது ஆண்" என்று ஒரு கோடு கண்டால் அது இவர்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். தென் மாநிலங்களில் விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870 கணக்கெடுப்பில்தான். ஆகவே அங்கே தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். 1890 கணக்கெடுப்பு பெரும்பாலும் இல்லை. 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் வீணாகிவிட்டது. அந்தப் பத்தாண்டை நிரப்பச் செய்தித்தாளும் நிலப்பத்திரமும்தான் வழி.

தந்தை யார் என்பதில் பல கூற்றுகள் உலவுகின்றன. ஆவணம் இல்லாத பெயரை ஒரு வரியில் போட்டுவிட்டால், உங்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுதுவார்கள். விட்டுவிடுங்கள்.

ஊரின் பெயரிலும் ஒரு சங்கதி. ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ஊர்கள் உண்டு. தென் கரோலினாவில் இருப்பதைப் "பியூஃபர்ட்" என்கிறார்கள், வட கரோலினாவில் இருப்பதைப் "போஃபர்ட்". தமிழில் எழுத்துப்பெயர்ப்பு செய்யும்போதே ஊர் மாறிவிடும்.

4. சட்டமன்றப் பணி: மாநாட்டையும் சட்டமன்றத்தையும் கலக்காதீர்கள்

1868 ஜனவரியில் சார்ல்ஸ்டனில் கூடியது அரசியலமைப்பு மாநாடு. அதில் 124 பிரதிநிதிகள், பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அதன் பிறகு மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் கூடியது சட்டமன்றம். அதன் கீழவையிலும் 124 இடங்கள். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கமான தவறு. மாநாடு அரசியலமைப்பை எழுதிக் கலைந்தது. சட்டமன்றம் அதன்படி சட்டம் இயற்றியது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? இலவசப் பொதுப்பள்ளி விஷயத்தைப் பாருங்கள். ஸ்மால்ஸ் அதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தது மாநாட்டில். "எம்.எல்.ஏ.வாகப் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தார்" என்று எழுதினால் இடமும் தவறு, அளவும் தவறு. 124 பேர் சேர்ந்து எழுதிய ஆவணம் அது. அவர் குரல் கொடுத்தார், வாக்களித்தார் என்று எழுதுங்கள், போதும்.

நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கும்போது உரை தேடாதீர்கள். அந்நாள் மாநிலக் குறிப்புகளில் பேச்சு பெரும்பாலும் இருக்காது. யார் மசோதா கொடுத்தார், எந்தக் குழுவுக்குப் போயிற்று, ஆதரவு யார், எதிர்ப்பு யார் என்ற பெயர்ப்பட்டியல் இருக்கும். வாக்குப் பட்டியலே உங்கள் சாட்சி. பேச்சு வேண்டுமென்றால் செய்தித்தாளுக்குப் போங்கள், ஆனால் எந்தக் கட்சியின் தாள் என்று பார்த்துவிட்டு.

கட்சி என்றதும் இன்னொரு எச்சரிக்கை. ஸ்மால்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். அன்று அது லிங்கனின் கட்சி, தெற்கில் கறுப்பின வாக்காளர்களின் கட்சி. ஜனநாயகக் கட்சி பழைய அடிமை உடைமையாளர்களின் பக்கம். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களை மனத்தில் வைத்துப் படிக்கும் வாசகருக்கு இது தலைகீழாகப் புரியும். முதல் முறை கட்சியின் பெயர் வரும் இடத்திலேயே ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள்.

5. மிலிஷியா: இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் பகுதி இது.

மிலிஷியா என்பது மாநில ஆளுநரின் கீழ் இருந்த பகுதிநேரக் குடிமக்கள் படை. கம்பெனி, ரெஜிமெண்ட், பிரிகேட், டிவிஷன் என்று மேலே போகும். காகிதத்தில் ஒரு டிவிஷன் இருந்தால் களத்தில் அத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. பதவியின் பெயரை வைத்துப் படையின் அளவை ஊகிக்காதீர்கள்.

போருக்குப் பிறகு தெற்கில் நடந்ததை ஒரு பத்தியில் சொல்லியே ஆக வேண்டும். தோற்ற மாநிலங்களின் வெள்ளையர் மிலிஷியாக்களைக் காங்கிரஸ் 1867 மார்ச்சில் கலைத்தது. பிறகு புதிய மாநில அரசுகள் அமைந்ததும் மீண்டும் அனுமதி கிடைத்தது. தென் கரோலினாவில் ஆளுநர் ராபர்ட் ஸ்காட் காலத்தில் உருவான மிலிஷியாவில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். வெள்ளையர்கள் அதில் சேர மறுத்துத் துப்பாக்கிச் சங்கங்கள் என்ற பெயரில் தனியே ஆயுதம் ஏந்தினார்கள். இந்தப் பின்னணி இல்லாமல் "1873இல் மேஜர் ஜெனரல் ஆனார்" என்று எழுதினால் அது வெறும் பதவி உயர்வாகத் தெரியும். உண்மையில் கறுப்பினக் குடிமக்களின் வாக்குச்சாவடிக்கும் வீட்டுக்கும் மாநிலம் தந்த முக்கிய ஆயுதப் பாதுகாப்பு அந்தப் படை. அதன் உயர்பதவியில் அமர்ந்தவர், சில ஆண்டுகளுக்கு முன்வரை இன்னொருவரின் சொத்து.

அந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அதே மாநிலத்தின் ஹாம்பர்க் ஊரைக் காட்டுங்கள். 1876 ஜூலை 8 அன்று, அங்கிருந்த கறுப்பின மிலிஷியாக் கம்பெனியை ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் முற்றுகையிட்டது. சரணடைந்த பிறகும் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். கம்பெனித் தலைவர் டாக் ஆடம்ஸ், ஸ்மால்ஸ் இல்லை. ஸ்மால்ஸ் அப்போது வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர், விஷயத்தை அவையில் எழுப்பினார். "ஜெனரல்" என்ற பட்டத்தைப் பார்த்து அவரை ஹாம்பர்க் களத்தில் கொண்டுபோய் நிறுத்திய ஒரு கட்டுரையைத் திருத்தியிருக்கிறேன்.

மிலிஷியாப் பணி 1877இல் ஏன் முடிகிறது? 1876 தேர்தல் சச்சரவுக்குப் பிறகு 1877 ஏப்ரலில் மத்தியப் படை கொலம்பியாவின் சட்டமன்றக் கட்டடத்திலிருந்து விலகியது. ஜனநாயகக் கட்சியின் வேட் ஹாம்ப்டன் ஆளுநராக நிலைபெற்றார். ஆளுநர் மாறினால் மிலிஷியாத் தலைமையும் மாறும். "ஓய்வு பெற்றார்" என்று எழுதாதீர்கள்.

6. இப்போது பிளான்டர் கதை

ஆள் யாரென்று தெரிந்த எல்லோரும் இந்தக் கதையில்தான் தொடங்குவார்கள். நான் ஆறாவது படிக்குத் தள்ளியிருக்கிறேன், ஏனென்றால் இதில் தொடங்கினால் மீதி 53 ஆண்டு வாழ்க்கை இதற்கு வாலாகிவிடும்.

1862 மே 13 விடிவதற்கு முன், வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் தங்கிவிட்ட இரவில், ஸ்மால்ஸும் சக அடிமை மாலுமிகளும் பிளான்டரைக் கிளப்பினார்கள். வழியில் குடும்பத்தினரை ஏற்றிக்கொண்டார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, சரியான சைகை ஒலியை எழுப்பி, தெற்குப் படையின் கையில் இருந்த சம்டர் கோட்டையைக் கடந்தார் ஸ்மால்ஸ். பிறகு வெள்ளைத் துணியை ஏற்றி, முற்றுகையிட்டிருந்த வடக்குக் கடற்படையின் ஆன்வர்ட் கப்பலிடம் ஒப்படைத்தார்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பிளான்டர் போர்க்கப்பலாகக் கட்டப்பட்டதல்ல. பருத்தி ஏற்றிய நீராவிக் கப்பலைத் தெற்குப் படை வாடகைக்கு எடுத்துப் பீரங்கி பொருத்தியிருந்தது. சம்டர் கோட்டை சண்டையிடவில்லை, ஏமாந்தது. ஸ்மால்ஸ் தனி ஆள் அல்ல, கூட வந்த மாலுமிகளும் பெண்களும் குழந்தைகளும் உயிரைப் பணயம் வைத்தவர்கள்தான்.

7. பணம், சொத்து: எந்த 5,000 டாலர்?

பணக் கணக்குக்குத் தனித் தாள் போடுங்கள். ஸ்மால்ஸ் கதையில் 5,000 டாலர் இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கப்பலைக் கொண்டுவந்தவர்களுக்குப் பரிசளிக்க 1862 மே 30 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. அதில் ஸ்மால்ஸின் பங்கு 1,500 டாலர். கப்பலைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்ற புகார் பல ஆண்டு நீடித்து, 1900இல் காங்கிரஸ் அவருக்கு 5,000 டாலர் என்று நிர்ணயித்தது, முன்பு கொடுத்ததைக் கழித்து. இது முதல் 5,000. இரண்டாவது அடுத்த படியில் வரும்.

வீட்டுக் கதைக்கும் இதே கவனம் வேண்டும். தான் அடிமையாகப் பிறந்த வீட்டையே விலைக்கு வாங்கினார் என்பது உண்மை. ஆனால் எஜமானரிடமிருந்து வாங்கவில்லை. வரி கட்டாத நிலங்களை 1862 நேரடி வரிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போர்க்காலத்தில் ஏலம் விட்டபோது வாங்கினார். பின்னால் வீடு தனக்கே என்று வழக்குப் போட்டவரும் மெக்கீ அல்ல, டி ட்ரெவில் என்பவர். 1878இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கட்டாயம் வாசியுங்கள். பழைய எஜமானரின் மனைவி நினைவு தப்பித் திரும்பி வந்தபோது அதே வீட்டில் இடம் கொடுத்தார் என்ற கதையும் உண்டு. அழகான கதைதான், ஆனால் குடும்பத்தில் சொல்லிவந்தது என்ற அடையாளத்தோடு மட்டும் எழுதுங்கள்.

8. குற்றச்சாட்டை மறைக்கவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்

1877இல் ஸ்மால்ஸ்மீது லஞ்ச வழக்கு. மாநில மேலவையில் இருந்தபோது அச்சு ஒப்பந்தம் தொடர்பாக 5,000 டாலர் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. மூன்றாண்டுத் தண்டனை விதித்தார்கள். 1879இல் ஆளுநர் வில்லியம் சிம்ப்சன் மன்னிப்பு வழங்கினார்.

சிலர் இதை அறவே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் "ஊழல் வழக்கில் சிறை சென்றவர்" என்று முதல் பத்தியில் போடுகிறார்கள். இரண்டுமே வாசகரை ஏமாற்றுவது. செய்ய வேண்டியது, நான்கு செய்தியையும் அடுத்தடுத்து வைப்பது: யார் ஆட்சிக்கு வந்த பிறகு வழக்கு, முக்கியச் சாட்சி யார், தண்டனை என்ன, எந்தச் சூழலில் மன்னிப்பு. முக்கியச் சாட்சி ஜோசஃபஸ் வுட்ரஃப், மேலவையின் எழுத்தர், அந்த அச்சு விவகாரத்தில் தானே சிக்கியவர். மன்னிப்பு வந்தது, தேர்தல் குற்றங்களுக்காக ஜனநாயகக் கட்சியினர்மீது இருந்த மத்திய வழக்குகளைக் கைவிடும் பேரத்தின் பகுதியாக. இவ்வளவையும் வரிசையாக வைத்தால் வாசகரே எடைபோட்டுக்கொள்வார். "பொய் வழக்கு" என்று நீங்கள் தீர்ப்பெழுத வேண்டியதில்லை.

9. தமிழ்ச் சொற்களை ஒரு முறை முடிவு செய்து மாற்றாதிருங்கள்

"காங்கிரஸ்" என்று மொட்டையாக எழுதினால் நம் வாசகர் மனத்தில் சத்தியமூர்த்தி பவன்தான் வரும். முதல் இடத்தில் "அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்றம்)" என்று போட்டுவிடுங்கள்.

"செனட்டர்" என்ற சொல்லை மாநில அளவில் தவிர்ப்பேன். "மாநில மேலவை உறுப்பினர்" நீளமானாலும் குழப்பமில்லை. "எம்.எல்.ஏ." அமெரிக்கர்கள் சொல்லாத சொல் என்பது தெரியும். தலைப்பிலும் பேச்சுவழக்கிலும் வைத்துக்கொள்ளலாம், உடலில் "மாநிலக் கீழவை உறுப்பினர்".

"மிலிஷியா"வை "துணை ராணுவம்" என்று மொழிபெயர்க்காதீர்கள். நமக்கு அது சி.ஆர்.பி.எஃப். போன்ற முழுநேரப் படை. "ஊர்க்காவல் படை" ஓரளவு நெருங்கும், ஆனால் அதில் ஜெனரல் கிடையாது. மிலிஷியா என்றே வைத்து ஒரு வாக்கியம் விளக்குங்கள்.

10. எழுதும் வரிசையும் கடைசிச் சோதனையும்

முதல் பத்தியில் ஆளின் பெயர், வாழ்ந்த ஆண்டுகள், மாநிலம், கொடுத்தவர் பெயரோடு பட்டங்கள். அடுத்து பிறப்பு, போர்க்காலம், மாநாடு, சட்டமன்றமும் மிலிஷியாவும் ஒரே பகுதியில், பிறகு காங்கிரஸ், வழக்கு, சுங்கப் பணி. சட்டமன்றத்தையும் மிலிஷியாவையும் தனித்தனித் தலைப்பில் போட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார் என்பது மறைந்துபோகும். 1895 மாநாட்டைக் கடைசிக்கு முந்தைய பத்தியில் வையுங்கள். 1868இல் தான் எழுத உதவிய வாக்குரிமையைப் பறிக்கக் கூடிய அவையில், எதிர்த்து நின்ற கைவிரல் எண்ணிக்கைப் பிரதிநிதிகளில் ஒருவர் அவர்.

முடித்ததும் கட்டுரையை அமெரிக்க வரலாறு தெரியாத ஒருவரிடம் கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள். இவர் எந்தப் படையில் ஜெனரல்? இவர் எந்த அவையில் எந்த ஆண்டு இருந்தார்? பதில் தடுமாறினால் முதல் படித் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள். எனக்கு இரண்டாம் சுற்றிலும் தடுமாறியது. "கேப்டன்" என்ற சொல்லை விளக்காமல் விட்டிருந்தேன்.